கேளுங்க, சொல்றேன்: ஊசி குத்தினால் கரு நிற்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுக்கும்போது கூடவே அக்குபங்சரும் எடுக்கலாமா, எடுத்தால் பலன் உண்டா என்று. தனித்தனியாகப் பதில் போடுவதைவிட ஒரே இதழில் முடித்துவிடலாம் என்று தோன்றியது. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே எழுதியிருப்பதால் ஊர் மட்டும்.

கேள்வி: எனக்கு 34 வயது. கல்யாணமாகி ஏழு வருஷம். மூன்று தடவை ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), ஒரு தடவை ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைப்பது) செய்தும் எதுவும் நிற்கவில்லை. அடுத்த மாதம் ஃப்ரோஸன், அதாவது உறைய வைத்த கருவை வைக்கப்போகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று ஓர் அக்குபங்சர் சென்டருக்குப் போனோம். பன்னிரண்டு சிட்டிங், மொத்தம் 18,000 ரூபாய், முன்பணம் கட்டணும், எடுத்தால் சக்சஸ் ரேட் இரண்டு மடங்கு ஆகும் என்கிறார்கள். என் டாக்டரிடம் கேட்டால், “எடுக்கணும்னா எடுங்க, வேண்டாம்னா விடுங்க” என்கிறார். நகையை ஏற்கெனவே அடகு வைத்தாயிற்று. என்ன செய்யட்டும்? – ஈரோடு வாசகி

பதில்: முதலில் அந்த ‘இரண்டு மடங்கு’ கதையை விட்டுவிடுங்கள். அது நடக்காது. இந்த விஷயத்தில் நடந்த பெரிய ஆய்வுகளில் ஒன்று 2018-இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐ.வி.எஃப். செய்துகொண்ட 848 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நிஜ அக்குபங்சர், இன்னொரு குழுவுக்குப் பார்க்க ஊசி மாதிரியே இருக்கும் ஆனால் தோலுக்குள் இறங்காத போலி ஊசி என்று கொடுத்தார்கள். முட்டை வளர ஹார்மோன் ஊசி போடும் நாட்களில் ஒரு தடவை, கரு வைக்கும் அன்று அதற்கு முன்னும் பின்னும். கடைசியில் குழந்தை பெற்றவர்கள் நிஜ ஊசிக் குழுவில் 18.3 சதவீதம், போலி ஊசிக் குழுவில் 17.8 சதவீதம். இந்த வித்தியாசத்துக்கு ஒரு பொருளும் இல்லை. உங்களுடையது ஃப்ரோஸன், அவர்களுடையது உறைய வைக்காமல் நேரடியாகக் கரு வைக்கும் ஃப்ரெஷ் சைக்கிள் என்று யாராவது உங்களிடம் வாதாடலாம். வாதாடட்டும், ஆனால் ஃப்ரோஸனில் இரண்டு மடங்கு ஆகும் என்பதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்படியானால் அது வெறும் ஏமாற்றா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். அங்கே நடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் ஒரு கட்டில். ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார், தூக்கம் எப்படி, வயிறு எப்படி, மாதவிலக்கு எப்படி என்று அவசரமில்லாமல் கேட்கிறார். அப்புறம் கவரைப் பிரித்து, தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனான ஊசியை எடுத்து, காலில் உட்பக்கக் கணுக்கால் எலும்புக்கு நான்கு விரல் மேலே ஒன்று, அடிவயிற்றில் ஒன்றிரண்டு, உச்சந்தலையில் ஒன்று என்று ஒரு தட்டு தட்டி இறக்குகிறார். வலி என்று பெரிதாக இருக்காது, அந்த இடம் கனத்துப்போனது மாதிரி, லேசாக மரத்த மாதிரி ஒரு உணர்வு. இருபது இருபத்தைந்து நிமிடம் போனை எடுக்காமல், யாரும் எதுவும் கேட்காமல், அப்படியே படுத்திருக்கிறீர்கள். கருத்தரிப்பு மையத்தில் டோக்கன் எடுத்து மூன்று மணி நேரம் காத்திருந்து, ஸ்கேன் அறையில் ஐந்து நிமிடம் நின்று, டாக்டர் முகத்தை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குப் புரிகிறது. கரு வைக்கும் சமயத்தில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்குப் பதற்றம் குறைந்திருந்ததாகச் சில ஆய்வுகளும் சொல்கின்றன. அந்த ஆறுதலுக்காக என்றால் போங்கள், தப்பே இல்லை.

ஆனால் 18,000 ரூபாய், அதுவும் முன்பணமாக, அதுவும் நகை அடகில் இருக்கும்போது? வேண்டாம். ஒரு சிட்டிங்குக்கு மட்டும் காசு வாங்குவார்களா என்று கேளுங்கள். போய்ப் பாருங்கள், இதமாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள். ‘பன்னிரண்டும் முடித்தால்தான் பலன்’ என்று சொன்னால் வண்டியைத் திருப்புங்கள். அந்தப் பணம் உங்கள் ஊசி மருந்துக்கே தேவைப்படும், அல்லது, சொல்ல மனசு வரவில்லை, இந்த முறையும் நிற்காவிட்டால் அடுத்த சைக்கிளுக்குத் தேவைப்படும்.

உங்கள் டாக்டரின் அந்த அரைகுறைப் பதிலுக்கு அர்த்தம், ‘கெடுதல் இல்லை, பலனும் இல்லை’ என்பதுதான். அதை நாலு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை போகும்போது அக்குபங்சரைப் பற்றிக் கேட்காதீர்கள், என் வயதுக்கு, என் கருவின் தரத்துக்கு, இந்த சென்டரில் வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள். வெற்றி வாய்ப்பைப் பற்றித் தம்பதிக்குக் கவுன்சிலிங் கொடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமே சொல்கிறது. நீங்கள் கேட்பது உதவி இல்லை, உரிமை.

கேள்வி: நான் பல வருடங்களாக அக்குபங்சர் சிகிச்சை அளித்து வருகிறேன். உங்களைப் போன்றவர்கள் எப்போதும் எங்களுக்கு எதிரான ஆய்வுகளை மட்டும் எழுதுகிறீர்கள். ஜெர்மனியில் 2002-இல் நடந்த ஆய்வில் அக்குபங்சர் எடுத்தவர்களில் 42.5 சதவீதம் பேர் கர்ப்பமானார்கள், எடுக்காதவர்களில் 26.3 சதவீதம்தான். இதை ஏன் மறைக்கிறீர்கள்? – கோவை வாசகர்

பதில்: மறைக்கவில்லை ஐயா, நீங்கள் சொன்ன எண் சரிதான். இன்றைக்கு உலகம் முழுக்க ஐ.வி.எஃப். சென்டர்களின் பக்கத்திலேயே அக்குபங்சர் கிளினிக்குகள் இருப்பதற்கு அந்த ஒரு ஆய்வுதான் பெரிய காரணம். 160 பெண்கள். பாதிப் பேருக்குக் கரு வைப்பதற்கு முன்னும் பின்னும் 25 நிமிடம் ஊசி, மீதிப் பேருக்கு ஊசி இல்லை, சும்மா படுத்திருந்தார்கள். யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்பது அந்தப் பெண்களுக்கே தெரியும். 160 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒன்பது பத்துப் பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனாலே கணக்கு மாறிவிடும். அதனால்தான் மற்றவர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள்.

செய்து பார்த்ததில் என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரசியம். 2008-இல் அதுவரை வந்த ஏழு ஆய்வுகளை, 1,366 பெண்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு குழு, ‘பலன் இருக்கிறது’ என்றது. பத்திரிகைகள் எல்லாம் தலைப்புச் செய்தி போட்டன. அப்புறம் ஐந்து வருடத்தில் புதுப்புது ஆய்வுகள் வந்து குவிய, அதே முதன்மை ஆய்வாளர் 2013-இல் மறுபடி உட்கார்ந்து 16 ஆய்வுகளை, 4,021 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார். மொத்தமாக எடுத்தால் பலன் காணோம். ஏற்கெனவே வெற்றி விகிதம் குறைவாக இருந்த மையங்களில் மட்டும் ஏதோ இருப்பது போலத் தெரிந்தது, அதை வைத்து ஒரு பெண்ணிடம் உறுதி கொடுத்துப் பணம் வாங்க முடியாது. எண்ணிக்கை கூடக் கூடப் பலன் கரைந்துகொண்டே போகிறது என்றால், முதலில் தெரிந்தது என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் போலி ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1998-இல் ஜெர்மனியிலிருந்து வந்த யோசனை அது. நாடகத்தில் குத்தினால் உள்ளே மடங்கிக்கொள்ளும் கத்தி இருக்குமே, அதே வேலை. முனை மழுங்கியிருக்கும், அழுத்தினால் ஊசி தன் கைப்பிடிக்குள் போய்விடும், குத்திய மாதிரி லேசாகச் சுருக்கென்று இருக்கும். நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது. ஹாங்காங்கில் 370 பெண்களிடம் இதை வைத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனது நிஜ ஊசியில் 43.8 சதவீதம், போலி ஊசியில் 55.1 சதவீதம்! போலி ஜெயித்துவிட்டது. அதற்காகப் போலி ஊசி நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை, குழந்தை பிறந்த கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த மாதிரி எண்கள் எந்தப் பக்கமும் ஆடும் என்பதற்குச் சொல்கிறேன்.

நீங்கள் அடுத்து என்ன சொல்வீர்கள் என்று தெரியும். போலி ஊசியும் புள்ளியை அழுத்துகிறது, அதுவும் ஒரு வகை சிகிச்சைதான் என்பீர்கள். உங்கள் துறையில் பலர் சொல்வதுதான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். மழுங்கிய முனையால் வேறு இடத்தில் தொட்டாலும் அதே பலன் என்றால் நாடி எதற்கு, புள்ளி எதற்கு, பல வருடப் படிப்பு எதற்கு? உங்கள் தொழிலுக்கு அந்த வாதம்தான் பெரிய எதிரி, நான் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் அக்குபங்சரைத் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது, மகாராஷ்டிராவில் அதற்கென்று சட்டமே இருக்கிறது. அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள, ‘மனசுக்கு இதமாக இருக்கும், குழந்தைக்கு உத்தரவாதம் இல்லை’ என்று உங்கள் போர்டில் எழுதுங்கள். உங்களிடமே நான் ஆள் அனுப்புகிறேன்.

கேள்வி: எனக்கு பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. தைராய்டு மாத்திரையும் மெட்ஃபார்மினும் எடுக்கிறேன். அடுத்த மாதம் ஐ.வி.எஃப். ஊசிகள் ஆரம்பம். மாமாவின் நண்பர் ஒரு ஹீலர். ஊசி இல்லை, விரலால் ஒரு புள்ளியைத் தொடுவார், அவ்வளவுதான். எல்லா மாத்திரையையும் நிறுத்தினால்தான் உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், வீக்கம், வாந்தி எது வந்தாலும் அது கழிவு வெளியேறுவது, பயப்படாதே என்கிறார். வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். – மதுரை வாசகி

பதில்: தைராய்டு மாத்திரையை நிறுத்தாதே அம்மா. இன்றைக்கும் நிறுத்தாதே, நாளைக்கும் நிறுத்தாதே. தைராய்டு குறைவாக இருக்கும்போது கரு நின்றாலும் கலைந்துபோகும் வாய்ப்பு அதிகம், முதல் மூன்று மாதம் குழந்தைக்குத் தேவையான தைராய்டு முழுக்க அம்மாவிடமிருந்துதான் போக வேண்டும். எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அந்த ஹார்மோன் வராது. மெட்ஃபார்மினைத் தொடர்வதா வேண்டாமா என்பது உன் டாக்டர் சொல்ல வேண்டியது, மாமாவின் நண்பர் சொல்ல வேண்டியது இல்லை.

அவர் பேச்சில் எனக்கு நிஜமாகவே பயம் வருகிற இடம் அந்தக் ‘கழிவு’. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு முட்டை வளர்க்கும் ஊசி போட்டால் சினைப்பை அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்கிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். வயிறு உப்பும், ஓரிரு நாளில் எடை கிலோ கணக்கில் ஏறும், வாந்தி வரும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும். ரத்தம் உறைகிற அளவுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதில் ஒன்று வந்தாலும் ராத்திரி இரண்டு மணி ஆனாலும் மருத்துவமனைக்குப் போன் போட வேண்டும். ‘கழிவு போகுது, படுத்துக்கோ’ என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் போகாதே. ஊசியோ விரலோ, எது வேண்டுமானாலும் இருக்கட்டும், மருந்தை நிறுத்து என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடு.

பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு அக்குபங்சர் என்பதற்கும் ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது, அதுவும் அக்குபங்சர் பிறந்த சீனாவிலேயே. 1,000 பெண்கள், 2017-இல் முடிவு வந்தது. முட்டை வெடிக்கக் கொடுக்கும் க்ளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் 28.7 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள், எடுக்காதவர்களில் 15.4 சதவீதம். அக்குபங்சர் கணக்கை மட்டும் பார்த்தால் நிஜத்தில் 21.8, போலியில் 22.4. விலை மலிவான மாத்திரை செய்ததை ஊசியால் செய்ய முடியவில்லை. வீட்டில் இதைப் படித்துக் காட்டு. கேட்க மாட்டார்கள் என்றால் அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமாவையும் கூட்டிக்கொண்டு போ, அவர் கேள்வியை அவரே கேட்கட்டும்.

கேள்வி: என் மருமகள் எப்பப் பார்த்தாலும் டென்ஷன். ஆபீஸ், லேப்டாப், அழுகை. டென்ஷனைக் குறைத்தால் தானாகவே நிற்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கரு வைத்தாயிற்று, பதினைந்து நாள் படுத்தே இரு என்று சொன்னால் கேட்காமல் நடமாடுகிறாள். மனசு அடங்க அக்குபங்சருக்குக் கூட்டிப்போகலாமா? – கும்பகோணம் வாசகி

பதில்: அம்மா, உங்கள் அக்கறை தெரிகிறது, ஆனால் அந்த ‘எல்லோரும்’ சொல்வது தப்பு. சிகிச்சைக்கு முன்னால் இருக்கும் மனக்கவலையால் ஐ.வி.எஃப். தோற்கிறதா என்று 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் விவரத்தைச் சேர்த்து 2011-இல் பார்த்தார்கள். சம்பந்தம் இல்லை. கவலைப்பட்ட பெண்ணுக்கும் நிற்கிறது, கவலைப்படாத பெண்ணுக்கும் நிற்காமல் போகிறது. அவள் அழுததால்தான் நிற்கவில்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால், அதற்கு இன்னொரு மடங்கு அழுவாள், அவ்வளவுதான் நடக்கும்.

நடமாடட்டும். கரு கீழே விழுந்துவிடாது, கருப்பையின் இரண்டு சுவர்களும் ஒட்டித்தான் இருக்கின்றன. கரு வைத்த பிறகு படுத்தே கிடப்பதால் நன்மை இல்லை என்பது எப்போதோ தெரிந்துவிட்ட விஷயம், ஆனாலும் நம் வீடுகளில் மாடிப்படிக்கு மட்டும் இன்னும் தடை நீங்கவில்லை! அக்குபங்சருக்குக் கூட்டிப்போவது பற்றி அவளையே கேளுங்கள். ஊசி என்றாலே அவளுக்கு இப்போது அலுத்துப்போயிருக்கும், வயிற்றில் தினமும் ஊசி, இடுப்பில் ஊசி என்று எத்தனை வாங்கியிருப்பாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ரிசல்ட் வரும் வரை ‘ஏதாவது தெரியுதா’ என்று தினமும் கேட்காமல் இருந்தால் அதுவே அவளுக்குப் பெரிய உதவி. சொந்தக்காரர்கள் போன் பண்ணினால் நீங்கள் எடுத்துப் பேசிச் சமாளியுங்கள்.

கேள்வி: மனைவிக்கு எல்லாம் நார்மல். எனக்கு விந்தணு கவுன்ட் 9 மில்லியன். ஐ.வி.எஃப். போகாமல் அக்குபங்சரிலேயே ஏற்றிவிடலாமா? – சேலம் வாசகர்

பதில்: தம்பி, நம்பிச் சொல்லும் அளவுக்கு அதற்கு ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கீழ் எல்லை ஒரு மில்லிக்கு 16 மில்லியன், அதைவிட உங்களுக்குக் குறைவு. முதலில் சில வாரம் விட்டு இன்னொரு தடவை டெஸ்ட் எடுங்கள், ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. யூராலஜிஸ்டிடம் காட்டி விரைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சிகரெட், ஹான்ஸ், தொடையில் வைத்த லேப்டாப், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஜிம்முக்குப் போகிறவரா? அங்கே யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி கொடுத்தார்களா? அது உடம்பை ஏற்றும், விந்தணுவைச் சுத்தமாக நிறுத்திவிடும், இதைப் பலர் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. மாற்றம் தெரிய இரண்டரை மூன்று மாதம் ஆகும், ஒரு விந்தணு உருவாகவே அவ்வளவு நாள் வேண்டும். மனைவியின் வயது 35-ஐ நெருங்கினால் அதற்கு மேல் காத்திருந்து ஊசிக்கடை ஊசிக்கடையாக அலையாதீர்கள்.

கேள்வி: அக்குபங்சர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசியும் போடுகிறேன். பிரச்சினை வருமா? கரு வைக்கும் அன்றே போக வேண்டும் என்கிறார்களே? பாசிட்டிவ் வந்தால் தொடரலாமா? – சென்னை வாசகி

பதில்: பிடித்திருந்தால் தொடருங்கள். ஹெப்பாரின், ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்குக் குத்திய இடம் கன்னிப்போகும், ரத்தம் கசியலாம். ஆகவே ஊசி போடுபவரிடமும் உங்கள் டாக்டரிடமும் இரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். கவரை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஒரு தடவை போட்ட ஊசி குப்பைக்குத்தான் போக வேண்டும். முதுகின் மேல்பகுதியிலும் நெஞ்சிலும் ஆழமாகக் குத்த விடாதீர்கள், அபூர்வமாக நுரையீரலில் பட்டிருக்கிறது. முட்டை வளரும் நாட்களில் சினைப்பை பெருத்து மேலே வந்திருக்கும், அப்போது அடிவயிற்றில் ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கரு வைக்கும் அன்று ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆட்டோவில் ஓடி, திரும்ப சென்டருக்கு நேரத்துக்கு வந்துசேர முடியுமா என்று பதறுவதற்கு, வீட்டிலேயே இருந்து பிடித்த பாட்டைக் கேட்கலாம். பாசிட்டிவ் வந்த பிறகு தொடர்வதென்றால் கர்ப்பம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள புள்ளி, கணுக்காலுக்கு மேலே உள்ள புள்ளி இரண்டையும் கர்ப்பத்தில் தொடக் கூடாது என்பது அவர்கள் மரபிலேயே இருக்கிறது, அது தெரியாதவரிடம் போகாதீர்கள். ஒரு பக்கமாக வயிற்று வலி, தோள்பட்டை வலி, ரத்தக்கசிவு, மயக்கம், இவற்றில் எது வந்தாலும் கட்டிலில் போய்ப் படுக்காமல் நேராக ஸ்கேனுக்குப் போங்கள். கருவைக் கருப்பைக்குள்தான் வைத்தார்கள் என்றாலும் ஐ.வி.எஃப்.பில் அது கருக்குழாயில் போய் ஒட்டிக்கொள்வது உண்டு.